ரெண்டு டிகிரி

யாருக்குன்னு மட்டும் கேக்காதே ஏகாம்பரம்னு அந்தம்மா சொன்னப்பவே கேட்டிருக்கணும், மண்டையை மண்டையை ஆட்டிட்டு விட்டுட்டேன், இப்ப உக்காந்து அதே மண்டையைப் பிச்சிக்கிறேன். மணி ஒண்ணே முக்கால். இந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் முன்னால ஓடுதுன்னு கஸ்தூரி சொல்றா, தானா ஓடுதா இல்ல நான் நேரத்துல சாப்பிடணும்னு அவ திருப்பி வெச்சாளான்னு யாருக்குத் தெரியும், கட்டின பொண்டாட்டியா இருந்தாலும் கடிகார விஷயத்துல நம்ப முடியாது. எதுவா இருந்தாலும் அஞ்சு மணிக்கு பத்மஜா மேடம் வந்து செட்டை எடுத்துட்டுப் போயிடுவாங்க. அஞ்சே கோல்ஃப் ஸ்டிக். நாலு முடிஞ்சு சுவத்துல சாஞ்சு நிக்குது, அஞ்சாவது செவன் அயர்ன், அந்த ஏழாம் நம்பர் இரும்புத் தலை ஸ்டிக்குக்குக் கைப்பிடி மட்டும் மாட்டணும். அஞ்சும் எடக்கை ஸ்டிக். எல்லாரும் அடிக்கிற ஸ்டிக்குக்கு முகம் ஒரு பக்கம்னா இதுக்கு எதிர்ப்பக்கம், காலையிலேர்ந்து பாக்கறேன், அஞ்சும் என்னைப் பாக்கப் பிடிக்காம திரும்பி நிக்கிற மாதிரியே இருக்கு. பத்மஜா மேடம் ஸ்டிக்கையே தொட்டதில்ல. அவங்க வீட்டுக்காரர் ரங்கபாஷ்யம் சார் வலக்கைக்காரர், அது எனக்குத் தெரியாதா, இந்த ஸ்டிக் கடை போடறதுக்கு முன்னால பத்தொன்பது வருஷம் அவரு பையைத் தோள்ல தூக்கிட்டு இந்த மெட்ராஸ் வெயில்ல பதினெட்டுக் குழியும் நடந்தவன் நான், அந்த மனுஷன் பல்லு தேய்க்கிறது எந்தக் கைன்னுகூட சொல்லுவேன். அப்ப இந்த செட்டு யாருக்கு? "தெரிஞ்சவங்களுக்கு"ன்னாங்க. "அவர் காதுக்குப் போகக்கூடாது, கிளப்ல யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது"ன்னாங்க. தெரிஞ்சவங்களுக்குப் பரிசு குடுக்கறவங்க எதுக்கு மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லணும்? கையில ஒரு அளவுச்சீட்டு குடுத்தாங்க. பேரு எழுதற எடம் காலி. ஆனா எழுத்து? அந்த எழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு, எல்லா எழுத்தும் பின்னால சாஞ்சு, வரி முழுக்க உள்ளங்கை பட்டு மசி இழுத்து, எடது கையால எழுதினா மட்டும்தான் அப்படி வரும். அது தாமுவோட எழுத்து. என் கூடப் பொறந்த தம்பி தாமோதரன்.

சரி, வேலையைப் பாரு ஏகாம்பரம். டேப்பை எடு. ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப், கம்பியில ஒரு சுத்துதான் எல்லாரும் சுத்துவாங்க, கை பெரிசா இருந்தா ரெண்டு, கூடிப்போனா மூணு. சீட்டுல என்ன போட்டிருக்கு? ஆறு சுத்து. ஆறு! தாமு கை என்ன யானைக் கையா? பொம்பளைப் புள்ளை கை மாதிரி சின்னதா இருக்கும், அம்மா அந்தக் கையைத்தான் சாப்பிடறப்போ முந்தானையால இடுப்போட கட்டி வெப்பாங்க, வலது கையால சாப்புட்றா மூதேவின்னு. அவன் அழுதுக்கிட்டே வலது கையால அள்ளுவான், பாதி சோறு தரையில. கேடியா நாங்க பை தூக்கப் போனப்பவும் அவனுக்கு எடக்கை ஸ்டிக் ஏது, வலக்கை ஸ்டிக்கைத் தலைகீழாத் திருப்பி முதுகுப் பக்கத்தால அடிப்பான், அப்படியே எங்களையெல்லாம் ஜெயிப்பான். அதைப் பாத்துட்டு ரங்கபாஷ்யம் சார்தான் வெளிநாட்டுலேர்ந்து ஒரே ஒரு எடக்கை அயர்ன் வாங்கிட்டு வந்து குடுத்தாரு. அந்த ஒத்தை ஸ்டிக்லதான் தாமு இன்னிக்கு அடிச்சுப் பழகற ரேஞ்சுல கோச்சு, வெள்ளை டீ ஷர்ட்டு, தலையில தொப்பி. அந்த சோத்துக்கு இதா மரியாதை? மூணு, நாலு. ஒவ்வொரு சுத்துக்கும் டேப்பு சுருக்கம் விழாம இழுத்துவிடணும், கோவத்துல இழுத்தா கிழிஞ்சிடும், கிழிஞ்சா மறுபடி முதல்லேர்ந்து. அஞ்சு. ஆறு. உலக்கை மாதிரி ஆயிடுச்சு பாரு. கம்பியும் அப்படித்தான், கனமே இல்லாத கார்பன் கம்பி, அதுலயும் வளையற ரகம், பொம்பளைங்களும் வயசானவங்களும் எடுக்கற ரகம், தாமு அடிக்கிற அடிக்கு அது நாலு நாள் தாங்காது. எனக்குத் தெரியும், இதெல்லாம் என் கண்ணைக் கட்டறதுக்கு. அண்ணன் அளவைப் பாத்தாக் கண்டுபிடிச்சிடுவான், அதனால ஒண்ணு பெரிசா போடு, ஒண்ணு லேசா போடு, குழப்பிவிடு. அப்பறம் அந்த அளவு. நேரா நின்னு கையைத் தொங்கப் போட்டு மணிக்கட்டுலேர்ந்து தரைவரைக்கும் அளக்கறது, அதை வெச்சுத்தான் ஸ்டிக் நீளம் வெட்டுவோம். எடது கை முப்பத்துநாலரை இஞ்ச். வலது கை முப்பத்துமூணு. ஒன்றரை இஞ்ச் வித்தியாசம்! எந்த மனுஷனுக்காவது ஒரு கை தரைக்கு ஒன்றரை இஞ்ச் கிட்டத்துல தொங்குமா? ஆயிரம் பேரை அளந்திருக்கேன், கால் இஞ்ச் வரும், மிஞ்சினா அரை. தாமுவுக்கு அளக்கத் தெரியாதுன்னு சொல்லமாட்டேன், அளக்கச் சொல்லிக்குடுத்ததே நான்தான், டேப்பைத் தரையில ஊனி அமுக்கி நின்னு அளப்பான். அப்ப அது பொய் அளவு. எனக்கே அல்வா குடுக்கறானுங்க.

தின்னரை ஊத்து. கைப்பிடி கிரிப்புக்குள்ள கொஞ்சம், டேப்பு மேல கொஞ்சம், இனிமே யோசிக்க நேரமில்ல, ஒரே தள்ளு, நடுவுல நின்னா அங்கயே பிடிச்சிக்கும். போச்சு. நேரா இருக்கா? இருக்கு. இந்த வாசனை தலைக்கேறுது, ஜன்னலைத் தொறக்கலாம்னா கீழ மெக்கானிக் கடையில நிக்கிறவனுங்க மேலயே பாப்பானுங்க, பாக்கட்டும்னு விட முடியுதா. ரேஞ்சு கேன்டீன்காரன் போன மாசம் டீயை ஆத்திக்கிட்டே சொன்னானே, எதுக்குச் சொன்னான், சும்மாவா சொன்னான்? "உங்க தாமு இப்பல்லாம் பதினோரு மணிக்குத்தான் பிஸிண்ணே"ன்னான். பதினோரு மணிக்கு ரேஞ்சுல ஈ காக்கா இருக்காது, காலைக் கூட்டம் போயிருக்கும், சாயங்காலக் கூட்டம் வந்திருக்காது. அந்த நேரத்துல செவ்வாயும் வெள்ளியும் வெள்ளைக் காரு ஒண்ணு வருது, கடைசி தடுப்புக்குப் பின்னால போய் நிக்குது, தாமு அந்தத் தடுப்புக்குப் பச்சை வலைத்துணி கட்டி மறைச்சிருக்கான், ஒரு மணி நேரம் யாரையும் அந்தப் பக்கம் விடறதில்ல. எந்தக் காருன்னு கேட்டேன். கேன்டீன்காரன் சிரிச்சான், நம்பரைச் சொன்னான். எனக்குத் தெரியாத நம்பரா, டிக்கியில பையை ஏத்தி எறக்கி மனப்பாடமான நம்பரு. ரங்கபாஷ்யம் சார் எட்டு மாசமா கோர்ஸுக்கு வரல, அமெரிக்காவுல பொண்ணு வீட்டுல இருக்காருன்னு மேடம் சொல்லியிருக்காங்க, எல்லாரும் நம்பிட்டாங்க. புருஷன் அமெரிக்காவுல, பொண்டாட்டி பதினோரு மணிக்கு பச்சைத் துணிக்குப் பின்னால. தாமுகிட்ட நேராவே கேட்டேன், என்னடா செவ்வா வெள்ளின்னு. அவன் என் மூஞ்சியைப் பாக்கல. "ஒரு ஸ்டூடன்ட்டுண்ணே, பேர் சொல்லக்கூடாது"ன்னு ஷூ லேஸைக் குனிஞ்சு கட்டினான். ஏற்கெனவே கட்டியிருந்த லேஸு! அவிழ்த்துத் திரும்பக் கட்டறான்! அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கமில்ல. அவன் பொண்டாட்டி புள்ளைங்க மூஞ்சி கண்ணு முன்னால வந்து நிக்குது. விஷயம் வெளிய வந்தா அந்தக் குடும்பம் நடுத்தெருவுல, ரேஞ்சு வேலை போயிடும், சாருக்கு மானம் போயிடும், எனக்கு இந்த ஊர்ல தொழில் பண்ண முடியுமா, தம்பி தொடுப்புக்கு அண்ணன் ஸ்டிக் கட்டிக் குடுத்தான்னு பேச மாட்டானுங்க? கஸ்தூரிகிட்ட ஜாடையாச் சொன்னேன். "உங்களுக்கு எதைப் பாத்தாத்தான் சந்தேகம் இல்ல, நேத்து பால்காரன் குனிஞ்சதுக்கே ஒரு கதை சொன்னீங்க"ன்னு கரண்டியை ஆட்டினா. பால்காரன் விஷயம் வேற. அவன் நெசமாவே தண்ணி கலக்கறான்.

சாருக்குச் சொல்லணும். சொல்லாம இருந்தா நான் மனுஷனே இல்ல. அந்த மனுஷன் என்னை ஒருதரம் சந்தேகப்பட்டிருப்பாரா? கோல்ஃப் பால் பக்கத்துல வந்து நிப்பாரு, திரும்பிக்கூட பாக்கமாட்டாரு, "எவ்வளவு?"ன்னுவாரு, அவ்வளவுதான். நான் குழிக்கு நூத்தி நாப்பது கெஜம்னா நூத்தி நாப்பது, கையை நீட்டுவாரு, நான் எடுத்து வெக்கிற ஸ்டிக்கால அடிப்பாரு. மத்தவங்கல்லாம் நான் சொன்னதுக்கப்பறம் அடி வெச்சு அளந்து பாப்பாங்க, தூரம் காட்டற மெஷினை எடுத்துக் கண்ணுல வெப்பாங்க. இவரு திருப்பிக் கேட்டதே கிடையாது. ஒரு நாள், கிளப் ஃபைனல்ல, பதினாலாவது குழி, முன்னால தண்ணி. நூத்தி முப்பத்தஞ்சுன்னேன். அது நூத்தி அம்பது. முந்தின நாள் எங்க வீட்டுல சண்டை, என் புத்தி அங்க இல்ல. பால் நேரா தண்ணிக்குள்ள, டுபுக். மேட்ச்சு போச்சு. பின்னாலேர்ந்து ஒருத்தன் "கேடியை மாத்துங்க சார்"னு கத்தினான். சார் ஸ்டிக்கை என்கிட்ட குடுத்துட்டு எல்லார் காதுலயும் விழற மாதிரி சொன்னாரு, "ஏகாம்பரம் சரியாத்தான் சொன்னான், என் கைதான் தப்பு." நான் வாயைத் தொறக்கல. அன்னிக்கு ஆமாம் சார் நான்தான் தப்பாச் சொன்னேன்னு சொல்லியிருக்கணும், பயம், வேலை போயிடும்னு பயம், பையைத் தூக்கிட்டு அவரு பின்னாலயே பதினஞ்சாவது குழிக்கு நடந்தேன். அந்தக் கணக்குக்காவது இன்னிக்கு சொல்லிடணும், செட்டு கைமாறுறதுக்கு முன்னால. ஃபோனை எடுத்தேன், வெச்சேன், மறுபடி எடுத்தேன். அவரோட பழைய நம்பரு. அடிச்சுது. நம்ம ஊர் மணிதான் அடிச்சுது! வெளிநாட்டுல இருந்தா ஒரு நீட்டமா வேற மாதிரி அடிக்கும், என் மச்சான் துபாய்ல இருந்தப்போ கேட்டிருக்கேன். அப்ப அமெரிக்காவும் பொய்யா? எடுத்தாங்க. யாரும் பேசல, மூச்சு மட்டும். "சார், நான் ஏகாம்பரம் சார்"னேன். ரொம்ப நேரம் கழிச்சு, "ஏ... ஏஹா... ம்ப..."ன்னு ஒரு கொழகொழ சத்தம், வாய்க்குள்ள துணியைத் திணிச்ச மாதிரி, அப்பறம் ஒரு சிரிப்பு, சிரிப்பா அழுகையான்னு தெரியல. பின்னால மேடம் குரல், "யாரு? குடுங்கோ இப்படி"ன்னு. கட் ஆயிடுச்சு. மணி ரெண்டே முக்கால். பட்டப்பகல்ல நாக்கு குழறக் குடிச்சிருக்காரு! காபிக்கு சக்கரைகூடப் போடாத மனுஷன்! தெரிஞ்சு போச்சு அவருக்கு, எல்லாம் தெரிஞ்சு போச்சு, ரூமுக்குள்ள உக்காந்து குடிச்சு அழிஞ்சிட்டிருக்காரு, இவங்க அமெரிக்கான்னு கதை கட்டிட்டு வெளிய திரியறாங்க. அடப்பாவிங்களா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு, தின்னர் வாசனைன்னு சொல்லிக்கலாம், தின்னர் இல்ல.

அப்பத்தான் அந்த யோசனை வந்துச்சு. நல்ல யோசனை எதுவும் இவ்வளவு அமைதியா வராது, அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும், ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவன் என் புத்தியை மட்டும் நம்பிட்டேன். செவன் அயர்னைக் கொண்டுபோய் வளைக்கிற மெஷின்ல தலையைக் கவ்விப் பூட்டினேன். அயர்ன் தலையும் கம்பியும் சேர்ற எடம் கழுத்து, அந்தக் கோணம் ஆளுக்கு ஏத்த மாதிரி இருந்தாத்தான் அடி தரையில சமமா விழும், பால் நேராப் போகும். சீட்டுல போட்ட கோணத்துக்கு நேத்தே சரி பண்ணி வெச்சது. இப்ப கழுத்துல வளைக்கிற தடியை மாட்டி ஒரு இழுப்பு. மெதுவா. இரும்பு வளையறப்போ சத்தம் வராது, கையில மட்டும் ஒரு சின்ன வழுக்கல் தெரியும், அவ்வளவுதான். முள்ளைப் பாத்தேன். ரெண்டு டிகிரி. கண்ணுக்குத் தெரியவே தெரியாது, தாமுவுக்கேகூட மெஷின்ல வெச்சாத்தான் தெரியும். ஆனா அடிக்கிற ஒவ்வொரு பாலும் வலது பக்கமாவே போவும். அடிக்கிறவன் ஸ்டிக்கைச் சந்தேகப்பட மாட்டான், புது ஸ்டிக்காச்சே, ஏகாம்பரம் கட்டினதாச்சே. தன் கையைத்தான் சந்தேகப்படுவான். நின்ன விதம் தப்பா, பிடிச்ச விதம் தப்பா, தோள் தப்பான்னு மாத்தி மாத்திப் பாப்பான், பாக்கப் பாக்க இன்னும் கெடும். ஒரு மாசத்துல ஸ்டிக்கையே தூக்கிப் போட்டுட்டு ஓடிடுவான். ஓடட்டும். பச்சைத் துணிக்குப் பின்னால இருந்து ஓடட்டும். கடை போட்ட நாள்லேர்ந்து ஒரு ஸ்டிக்கைக்கூட நான் தெரிஞ்சு தப்பாக் கட்டினதில்ல, எதிரிக்குக் கூட. கை நடுங்கும்னு நெனச்சேன், நடுங்கல. அதுதான் எனக்கு இப்ப வெக்கமா இருக்கு. பூட்டைக் கழட்டி, துணியால தொடைச்சு, பளபளன்னு மத்த நாலோட சேத்து நிக்க வெச்சேன். அஞ்சும் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. மத்த நாலையும் வளைக்கலாமான்னு ஒரு நிமிஷம் நின்னேன். வேணாம், இது ஒண்ணு போதும், ரேஞ்சுல யாரா இருந்தாலும் முதல்ல எடுக்கறது செவன்தான்.

நாலு மணிக்கு கஸ்தூரி டீ கொண்டு வந்தா. மாடிப்படி ஏறி வந்த மூச்சோட ஸ்டூல்ல உக்காந்தா, முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சா, மூக்கைப் பொத்திக்கிட்டு "இந்த நாத்தத்துல எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ"ன்னா. நான் டம்ளரையே பாத்துட்டிருந்தேன். டீ கம்மியா இருக்கிற மாதிரி இருந்துச்சு, படியில சிந்திட்டாளா இல்ல வேற யாருக்காவது ஊத்திட்டு வந்தாளா. அவ சும்மா இருக்காம செவன் அயர்னை எடுத்துக் கிரிப்பைப் பிடிச்சுப் பாத்தா. அவ விரல் சுத்தி வரல. சிரிச்சா. "என்னாங்க இது, எங்கப்பா ஸ்பூன் மாதிரி இருக்கு." என்ன ஸ்பூன்னேன். "அதாங்க, அப்பாவுக்குக் கை கால் விழுந்தப்போ நான் ஸ்பூன் காம்புக்குத் துணி சுத்திக் குடுப்பேனே, பெரிசா இருந்தாத்தானே அவரு விரல் மடங்கும், சின்னதா இருந்தா நழுவிடும்." சொல்லிட்டு அவ பாட்டுக்கு ஸ்டிக்கை வெச்சுட்டு ஜன்னல்கிட்டப் போயிட்டா. மாமனாரு. எங்க வீட்டு முன் ரூம்ல ரெண்டு வருஷம் நாற்காலியில உக்காந்திருந்தவரு. ஒரு பக்கத் தோள் தொங்கிப் போயிருக்கும், சட்டை மாட்டினா அந்தப் பக்கம் எறங்கி எறங்கி வரும், அந்தக் கை இந்தக் கையைவிட நீளமா இருக்கிற மாதிரியே தெரியும், நாந்தான் ஒருநாள் கிண்டலா டேப்பு வெச்சுப் பாத்தேன், கஸ்தூரி என்னை அடிக்க வந்தா. ஒன்றரை இஞ்ச். அவரு என்னைக் கூப்பிடறது எப்படி இருக்கும்? "ஏஹா... ம்ப..." ஐயோ. வாய்க்குள்ள துணியைத் திணிச்ச மாதிரி. ஐயோ ஐயோ. பரண்ல இருந்த பழைய அளவு நோட்டை இழுத்தேன், மேல இருந்த டப்பா ஒண்ணு விழுந்து உருண்டு ஓடுது, கஸ்தூரி "என்னாச்சு"ங்கறா. ரங்கபாஷ்யம் சார் பக்கம். என் கையெழுத்துதான், நீல மசி. எடது கை முப்பத்துநாலரை. வலது கை முப்பத்துநாலரை. ஒண்ணு அப்படியே இருக்கு. ஒண்ணு எறங்கியிருக்கு. லேசான கம்பி. வளையற கம்பி. ஆறு சுத்து. யாருக்குன்னு கேக்காதேன்னது, அமெரிக்கான்னது, பதினோரு மணி, பச்சைத் துணி, எல்லாம் ஒருத்தர் மூஞ்சியை நாலு பேர் பாக்கக்கூடாதுன்னு. கொஞ்சநஞ்சம் கேடி இல்ல நான், பத்தொன்பது வருஷக் கேடி, ஒரு அளவுச்சீட்டைப் பாத்து உடம்பைப் படிக்கிறதுதான் என் பொழப்பு, அதைப் பாத்து ஊர்வம்பைப் படிச்சிருக்கேன். வலது கை போய், அறுபத்திமூணு வயசுல ஒரு மனுஷன் எடது கையால முதல்லேர்ந்து கத்துக்கறாரு. அவருக்கு நான் வலது பக்கமாப் போற ஸ்டிக்கைக் கட்டி, தன் கையைத் தானே சந்தேகப்படட்டும்னு வெச்சிருக்கேன். ஏற்கெனவே அந்தக் கையை அவரு எவ்வளவு சந்தேகப்பட்டிருப்பாரு.

வளைச்சதைத் திருப்பி வளைக்கணும். இது வார்ப்பு இரும்பு, அங்க ஒருதரம் இங்க ஒருதரம் இழுத்தா கழுத்துல முடி மாதிரி வெடிப்பு விடும், அடிக்கிறப்போ தலை தெறிச்சுப் போவும், சூடு காட்டி மெதுவாத்தான் செய்யணும், அதுக்கு முன்னால கிரிப்பு ஒட்டு காயணும், மொத்தத்துல நாளைக்குத்தான் ஆவும். மெஷின்ல மாட்டறேன், கழட்டறேன், மறுபடி மாட்டறேன். கீழ ஹாரன். மணி நாலே முக்கால். கடிகாரம் முன்னால ஓடுதுன்னா நாலு நாப்பது, எதுவா இருந்தா என்ன, வந்துட்டாங்க. நாலு ஸ்டிக்கையும் பையில போட்டுத் தோள்ல மாட்டினேன், எத்தனை வருஷம் கழிச்சு, தோள் அதுவா எடம் குடுத்துச்சு. செவன் அயர்னை மாடியிலயே விட்டுட்டுப் போயிடலாம். தலை இன்னும் வரல, கடையில ஸ்டாக் இல்ல, எவ்வளவு பொய் இருக்கு. ஆனா அது கையோடவே வந்துடுச்சு. படியில எறங்க எறங்க பொய்யைத்தான் யோசிச்சிட்டு எறங்கறேன். காரோட டிரைவர் சீட்டுலேர்ந்து தாமு எறங்கினான். என்னைப் பாத்து, "அண்ணே, சத்தியம் வாங்கிட்டாருண்ணே, அதான்"னு தலையைக் குனிஞ்சான். நான் அவன் தோளைத் தொட்டேன். பின்கதவை மேடம் தொறந்தாங்க. "மத்தியானம் உன் ஃபோன் வந்ததுலேர்ந்து ஒரே பிடிவாதம் ஏகாம்பரம், எல்லாம் வெளிய வந்துடுத்து. நானே நேரா வரேங்கறார். எட்டு மாசத்துல இவர் பாக்கணும்னு கேட்ட முதல் ஆள் நீதான்"னாங்க. அவங்க கண்ணுல தண்ணி நிக்குது, சிரிக்கவும் சிரிக்கறாங்க. இந்தப் பொம்பளையையா நான் ஒரு மாசமா சந்தேகப்பட்டேன்.

சார் உள்ள உக்காந்திருந்தாரு. மூஞ்சி ஒரு பக்கம் எறங்கியிருக்கு, வலது கை மடியில யாரோ வெச்சுட்டுப் போன மாதிரி கிடக்கு. மத்தபடி அவரேதான், அதே சலவைச் சட்டை, தலை வாரின வாக்குகூட மாறல. எடது கையை நீட்டினாரு. கை குடுக்கன்னு நெனச்சு நான் கையை நீட்டினேன், அவரு தலையை ஆட்டினாரு, விரலை மடக்கி விரிச்சாரு. ஸ்டிக்கு. பழைய மாதிரியே, முகம் முன்னால பாத்துக்கிட்டு, கை மட்டும் பக்கவாட்டுல.

"நேரா ரேஞ்சுக்குத்தாண்ணே போறோம்"னான் தாமு. "செவன்லதான் அடிக்கிறாரு. இரவல் ஸ்டிக்ல இதுவரைக்கும் நேரா அறுபது கெஜம் போயிருக்கு."

"செவன் மட்டும் நாளைக்கு சார்"னேன்.

"கையில வெச்சிருக்கியே?"ன்னாங்க மேடம்.

"கோணலா இருக்கும்மா. என் கை தப்பு."

சார் சிரிச்சாரு, பாதி மூஞ்சியில. ஒவ்வொரு எழுத்தா எடுத்து வெச்சாரு. "உன் கை... தப்பாது... ஏகாம்... பரம். என்... கைதான்..."

பதினாலாவது குழி. அன்னிக்கு வாயைத் தொறக்கல. பின்னால தாமு, பக்கத்துல மேடம், மாடி ஜன்னல்ல கஸ்தூரி, மெக்கானிக் கடையில நாலு பேர், எல்லாரும் இருக்காங்க, இருக்கட்டும்.

"இல்ல சார். வேணும்னே வளைச்சேன். வேற யாருக்கோன்னு நெனச்சு, தெரிஞ்சேதான் வளைச்சேன்."

"யாருக்கு?"ன்னாங்க மேடம். "எதுக்கு?" நான் தாமுவைப் பாத்தேன், பாத்திருக்கக்கூடாது. அவனுக்குப் புரிஞ்சு போச்சு. செவ்வா வெள்ளின்னு நான் கேட்டது, மூஞ்சியை வெச்சிருந்தது, எல்லாம். மூஞ்சியில ரத்தமே இல்லாம நின்னான். மேடம் அவனைப் பாத்தாங்க, என்னைப் பாத்தாங்க, கதவைப் பிடிச்சிருந்த கையை எடுத்துட்டாங்க.

சார் யாரையும் பாக்கல. முன் கண்ணாடி வழியா தெருவைப் பாத்துக்கிட்டு, "எவ்... வளவு?"ன்னாரு.

"ரெண்டு டிகிரி சார்."

"எந்த... பக்கம்?"

"வலது பக்கம் போவும் சார்."

யோசிச்சாரு. அந்த எடது கை இன்னும் நீட்டினபடியே இருந்துச்சு, கொஞ்சம் ஆடிச்சு, ஆனா கீழ எறக்கல.

"அப்ப நான்... எடது பக்கம்... பாத்து... அடிக்கிறேன். குடு."

குடுத்தேன். ஆறு சுத்து அவரு விரலுக்குச் சரியா இருந்துச்சு. தாமு என்னைத் திரும்பிப் பாக்காம வண்டியை எடுத்தான். ஏன் வளைச்சேன்னு சார் கேக்கவே இல்ல. கேட்டிருக்கலாம்.